முந்நூறு பக்கங்களையும் முன்வாசலில் நிறுத்திய கதை

சென்னிமலைக்காரன்:
எங்கள் சித்தப்பாவுக்குப் போர்வை வியாபாரம். தாத்தா பெயரில் பழைய இணையதளம். அந்தப் பெயரில் ஒரு ழகரம் வேறு. தொலைபேசியில் முகவரி சொன்னால் சூரத் வியாபாரி இரண்டு முறை எழுத்துக்கூட்டிவிட்டு, "வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்பார். அதனால் சின்னதாக ஒரு புது டொமைன், அதாவது இணையப் பெயர், வாங்கினோம்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன், "301 போட்டுவிட்டேன் அண்ணா, நிரந்தர மாற்றம்" என்றான். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் குறியீடு அது. பொய் சொல்லவில்லை. ஆனால் பழைய தளத்தில் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் புதிய தளத்தின் முகப்புக்கே போகும்படி ஒற்றை வரி எழுதியிருந்தான். இரட்டைக் கட்டில் போர்வை தேடி வந்தவருக்கு முருகன் படமும் தீபாவளி வாழ்த்தும் கிடைத்தன. கூகுளும் விடுமா? தொடர்பில்லாமல் முகப்புக்குத் திருப்பிய பக்கங்களை 'சாஃப்ட் 404' கணக்கில் தள்ளிவிட்டது. அதாவது, பக்கமே இல்லை என்று பொருள். மூன்று வாரத்தில் விசாரிப்பு அழைப்புகள் பாதியாகிவிட்டன.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தறிக்கூடத்தில் உட்கார்ந்து, நீள நோட்டில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு இணையான புதிய முகவரி என்று எழுதினேன். முந்நூற்றுச் சொச்சம் வரிகள். நெய்வதையே நிறுத்திவிட்ட ரகங்களுக்கு நெருங்கிய ரகத்தைக் காட்டினேன். அதுவும் இல்லாதவற்றை 404 ஆகவே விட்டேன். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் முகவரி மாற்றத்தையும் தெரிவித்தேன். இரண்டு மாதத்தில் பெரும்பாலான பக்கங்கள் தேடல் வரிசையில் பழைய இடத்துக்குத் திரும்பின. ஜமுக்காளப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அதே வாரத்தில் அதன் விவரம், படம், தலைப்பு எல்லாவற்றையும் மாற்றித் தொலைத்திருந்தேன். குற்றம் எதன் மேல் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

சிங்காநல்லூர் பம்ப்செட்:
எங்கள் கதை 302. தற்காலிக மாற்றம் என்று பொருள்படும் அந்த எண்ணை யாரோ போட்டு வைத்திருக்க, பல மாதங்கள் தேடலில் பழைய பெயரே வந்துகொண்டிருந்தது. 302 போட்டால் மதிப்பு முழுக்கப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். 301, 302 போன்ற 30x வரிசைத் திருப்பங்களால் பேஜ்ரேங்க், அதாவது இணைப்புகளை வைத்துக் கூகுள் ஒரு பக்கத்துக்குப் போடும் மதிப்பு, குறைவதில்லை என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2016லேயே சொல்லிவிட்டார். எங்களுக்கு வந்த தொல்லை வேறு: பழைய பெயரைப் பார்த்த டீலர்கள், கம்பெனி கைமாறிவிட்டதா என்று விசாரித்தார்கள். 301 ஆக்கிய பிறகு மெல்லச் சரியானது.

கரூர் ஏற்றுமதி:
நான் பட்டது பேராசையால். பிற தளங்களிலிருந்து நிறைய இணைப்புகள் உள்ள காலாவதி டொமைன் ஒன்றை வாங்கி நம் தளத்துக்குத் திருப்பினால் தேடலில் வரிசை ஏறும் என்றார் ஒரு தரகர். வாங்கிப் பார்த்தால் அது யாரோ நடத்திய சமையல் குறிப்புத் தளம். மெத்தை விரிப்புக்கும் மோர்க்குழம்புக்கும் என்ன உறவு? ஓர் இடம்கூட ஏறவில்லை. 2024 மார்ச்சில் காலாவதி டொமைன் முறைகேட்டைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே சேர்த்ததும் திருப்பத்தை எடுத்துவிட்டேன்.

சென்னிமலைக்காரன்:
நல்லவேளை எடுத்தீர்கள். இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் பழைய முகவரி முதலில் ஒரு நடு முகவரிக்குப் போய், அங்கிருந்துதான் புதியதற்குப் போனது. பக்கங்களைப் படித்துப்போகும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பத்துத் தாவல் வரை தொடரும் என்றாலும், நேரே கடைசி இடத்துக்கே திருப்பிவிட்டேன்.

பழைய டொமைனுக்கு இன்னும் ஏன் ஆண்டுக் கட்டணம் என்று சித்தப்பா முணுமுணுக்கிறார். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் விடுவதாகவே இல்லை. போன வாரம்கூடத் தாராபுரத்திலிருந்து ஓர் அம்மா, எப்போதோ வாங்கிய துணிப்பையில் அச்சிட்டிருந்த பழைய முகவரியைத் தட்டி உள்ளே வந்து, கல்யாணச் சீருக்கு ஆறு போர்வை கேட்டார்.