அமெரிக்க எரிவாயுக் கணக்கு டேலி ஆகவில்லை, 'டிரை கேஸ்' என்பது எந்த எண்? (அவசர உதவி)

கோவை_கணக்கர்
அமெரிக்க இயற்கை எரிவாயுவுக்கு வரவு செலவு அட்டவணை போடுகிறேன். தரவு எல்லாம் அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் (இஐஏ) தளத்தில் எடுத்ததுதான். உற்பத்தி, இறக்குமதி, ஸ்டோரேஜ், ஏற்றுமதி, பயன்பாடு எல்லாம் போட்ட பிறகும் நாளொன்றுக்கு 17, 18 பில்லியன் கன அடி மிச்சம் நிற்கிறது. மேலாளர் "டிரை கேஸ் எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கேஸ் என்றாலே காய்ந்ததுதானே? நாளை காலைக்குள் அனுப்ப வேண்டும்.

மதுரை_எக்செல்
எந்த வருடம்? மாதத் தரவா, வருடத் தரவா? உற்பத்தியில் எந்தக் காலம் (column)? மாத மொத்தத்தை எல்லா மாதத்துக்கும் 30-ஆல் வகுத்தீர்களா? ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் எப்படிச் சொல்வது?

குழாய்_குமரன்
தண்ணீர் எடுத்த கேஸ்தான் டிரை கேஸ். கிணற்றிலிருந்து வரும்போது நீராவியோடு வரும். அப்படியே குழாயில் விட்டால் அழுத்தம் குறையும் இடத்தில் குளிர்ந்து, மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி ஹைட்ரேட் ஆகி அடைத்துக்கொள்ளும். வெயிலில்கூட சோக் வால்வின்மேல் (ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு) வெள்ளையாகப் பனி பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கிளைகால் (நீரை உறிஞ்சும் திரவம்) கோபுரத்தில் ஏற்றி நீரை உறிஞ்சுகிறார்கள். மில்லியன் கன அடிக்கு 7 பவுண்டுக்கு மேல் நீர் இருந்தால் அமெரிக்கக் குழாய் நிறுவனங்கள் பொதுவாக வாங்காது. உங்கள் மிச்சம் இந்தத் தண்ணீர்தான்.

கிணற்றடி
குமரன், மில்லியன் கன அடிக்கு 7 பவுண்டு என்கிறீர்கள். 18 பில்லியன் கன அடி ஓட்டை அதிலா அடையும்? வகுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்தாயிற்று, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

புள்ளிவிவரத்தில் டிரை என்றால், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் மாதிரி திரவமாகப் பிரிக்கக்கூடியவற்றை எடுத்தபின் மிஞ்சும் கேஸ். நீராவிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து வெளியே வந்தது நாளுக்குச் சுமார் 125 பில்லியன் கன அடி. திரும்ப நிலத்துக்குள் செலுத்தியது, எரித்து விட்டது, கார்பன் டைஆக்சைடு போன்றவை போக 'மார்க்கெட்டட்' சுமார் 113. திரவங்களை எடுத்தபின் 'டிரை' சுமார் 104. கணக்கர் எந்தக் காலத்தை எடுத்திருப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

தோஹா_மணி
கிணற்றடி ஐயா சொன்னது புள்ளிவிவரக்காரர் கணக்கு. ஃபீல்டில் வேறு. பூமிக்குள்ளும் சரி, மேலே செபரேட்டரிலும் (திரவத்தையும் கேஸையும் பிரிக்கும் கலம்) சரி, சொட்டு ஹைட்ரோகார்பன் திரவம் விழாத கிணறுதான் எங்களுக்கு டிரை கேஸ் கிணறு. இங்கே கத்தாரின் நார்த் ஃபீல்டு அப்படியில்லை. செபரேட்டரின் கண்ணாடிக் குழாயில் வைக்கோல் நிறத்தில் கண்டன்சேட் (கேஸிலிருந்து பிரியும் லேசான எண்ணெய்) ஏறி நிற்கும். குமரன் சொன்ன நீர் நீக்கமும் எங்களுக்கு உயிர்நாடி. எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) ஆக்க மைனஸ் 162 டிகிரி வரை இறக்க வேண்டும், அதில் கொஞ்சம் நீர் இருந்தாலும் உறைந்து அடைக்கும். இடத்துக்கு இடம் பொருள் மாறும். எந்த அட்டவணை என்பதை முதலில் கேளுங்கள்.

கோவை_கணக்கர்
2023, வருட சராசரி. மார்க்கெட்டட் காலம்தான். ஆனால் மாநிலவாரியாகப் பார்த்தால் டெக்சாஸில் திரவத்துக்காகக் கழிக்கும் அளவு பெரிதாக இருக்கிறது, பென்சில்வேனியாவில் ரொம்பக் குறைவு. தரவில் பிழையா?

செல்வி_ஜியாலஜி
பிழை இல்லை சார், அதுதான் நிலவியல். பென்சில்வேனியாவின் வடகிழக்கில் சஸ்குவஹான்னா, பிராட்ஃபோர்டு கவுண்டிகளில் மார்செல்லஸ் பாறை அதிக வெப்பத்தில் வெந்து, கனமான மூலக்கூறுகள் உடைந்து ஏறக்குறைய மீத்தேன் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அங்கே பிரித்தெடுக்க ஒன்றும் இல்லை. அதே மாநிலத்தின் தென்மேற்கில் வாஷிங்டன் கவுண்டிப் பக்கம் போனால் திரவம் வரும். டெக்சாஸின் பெர்மியன் எண்ணெய் வயலில் கேஸ் பெரும்பாலும் எண்ணெயோடு சேர்ந்து வருவது, ஈத்தேனும் புரொப்பேனும் நிறைய இருக்கும். அதே டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டில் ஒரே பாறையில் வடமேற்கே எண்ணெய், தென்கிழக்கே ஆழம் கூடக் கூட ஈர கேஸ் (திரவங்கள் கலந்தது), அப்புறம் டிரை கேஸ் என்று பட்டை பட்டையாகவே மாறுவதை வரைபடத்தில் பார்க்கலாம்.

கிணற்றடி
அதாவது டிரை கேஸ் என்றால் வெறும் மீத்தேன்.

செல்வி_ஜியாலஜி
இல்லை ஐயா. சுத்த மீத்தேன் கன அடிக்கு 1,010 பிடியு (வெப்ப அலகு) அளவில்தான் வெப்பம் தரும். அமெரிக்கக் குழாய் கேஸின் சராசரி 1,035-க்கு மேல். ஈத்தேன் விலை சரிந்தால் ஆலைகள் அதைப் பிரிக்காமல் கேஸோடே விட்டுவிடுகின்றன. அதுவும் டிரை கணக்கில்தான் சேரும்.

ஷேல்_சிவா
எப்படியிருந்தாலும் டிரை கேஸ் கிணறு நஷ்டம். திரவம் விற்றுத்தான் காசு.

தோஹா_மணி
அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். லூசியானாவின் ஹேன்ஸ்வில் வயல் முழுக்க டிரை. எல்என்ஜி முனையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, விலை ஏறினால் முதலில் ரிக் (துளையிடும் இயந்திரம்) போவது அங்கேதான்.

ஷேல்_சிவா
2024-ல் ஹென்றி ஹப் (அமெரிக்க கேஸின் அளவுகோல் விலை) சராசரி 2.2 டாலர் பக்கம் கிடந்தபோது அதே ஹேன்ஸ்வில்லில் உற்பத்தியைக் குறைத்தார்களே? பெர்மியனில் வாஹா (அங்குள்ள கேஸ் சந்தை) விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோதும் கேஸ் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் சோறு போடுகிறது.

தோஹா_மணி
விலைக்கேற்பக் குறைக்கவும் கூட்டவும் முடிகிறது என்பதுதான் டிரை கிணற்றின் பலமே. பெர்மியன்காரர் கேஸைக் கழிக்கக் காசு கொடுத்தார், அதை லாபம் என்பீர்களா?

மதுரை_எக்செல்
விவாதத்துக்குத் தனி இழை போடுங்கள், இவருக்கு நாளைக் காலை கெடு. கணக்கர் சார், டிரை காலத்துக்கு மாறினால் மிச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் போகும். பயன்பாட்டில் எந்தக் காலம்? 'நுகர்வோருக்கு அளித்தது' என்றால் மீதியும் அதில்தான். கிணற்றடியிலும் ஆலையிலும் எரிக்கும் எரிபொருள், குழாய்க் கம்ப்ரசர்களுக்கான கேஸ் மூன்றும் அதில் இல்லை, ஆனால் டிரை உற்பத்திக்குள் இருக்கின்றன. 'மொத்தப் பயன்பாடு' எடுங்கள். அதன்பிறகும் சிறிதாக ஒன்று நிற்கும். இஐஏவே அதை 'பேலன்சிங் ஐட்டம்' என்று தனி வரியில் காட்டுகிறது.

கோவை_கணக்கர்
டிரை, மொத்தப் பயன்பாடு இரண்டும் மாற்றினேன். இப்போது மிஞ்சுவது ஒன்றுக்கும் கீழே. அனுப்பிவிட்டேன். நன்றி.

மதுரை_எக்செல்
கனடாவிலிருந்து குழாயில் வருவதையும் எல்என்ஜி இறக்குமதியையும் தனித்தனி வரியில்தானே வைத்தீர்கள்? இரண்டையும் கூட்டிய மொத்த வரி ஒன்றும் அதே அட்டவணையில் இருக்கிறது.