ஆண்டு வாசிப்பு இலக்கை எண்ணிக்கையில் வைப்பதா, வேறு எதில் வைப்பதா?

பாலக்கோட்டு வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டில் குடியிருந்துகொண்டு, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறேன். ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி வழியாகப் பேருந்தில் போய்வரும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும் வாசிப்பு நேரம். சென்ற ஆண்டு பொங்கலன்று, 50 புத்தகங்களைப் படித்து முடிப்பது என்று எனக்கு நானே ஓர் இலக்கை வைத்துக்கொண்டு, டைரியின் முதல் பக்கத்தில் 1 முதல் 50 வரை வரிசை எண்களையும் எழுதி வைத்தேன். ஆடி மாதம் வரை கணக்கு ஓரளவு சரியாகவே வந்தது. பிறகு இரவு ஷிப்டு தொடர்ந்து வந்ததால் பின்தங்கிவிட்டேன்.

கார்த்திகைக்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றுவரை மனத்தை உறுத்துகிறது. எண்ணிக்கையை எட்டிப்பிடிக்க வேண்டும் என்பதற்காக, ஆசைப்பட்டு வாங்கிய 600 பக்க நாவலை அலமாரியிலேயே விட்டுவிட்டு, 80 பக்கத்துக்கு மேற்படாத சிறு நூல்களாகப் பொறுக்கி எடுத்துப் படித்தேன். 41இல் ஆண்டு முடிந்தது. இப்போது அந்த டைரியைப் புரட்டினால், கடைசியாகப் படித்த 15 நூல்களில் நான்கைந்து எதைப் பற்றியவை என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

இந்த ஆண்டும் ஓர் இலக்கு வைக்க விரும்புகிறேன், ஏனெனில் இலக்கே இல்லாத ஆண்டுகளில் நான் ஐந்து புத்தகங்களைக்கூடப் படித்ததில்லை. எண்ணிக்கை, பக்கக் கணக்கு, ஏதாவது ஒரு பொருள் ஆகியவற்றில் எதை அடிப்படையாக வைப்பது? மாதந்தோறும் புத்தகம் வாங்கும் அளவுக்கு வசதியும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாந்தோப்புக்காரர், கிருஷ்ணகிரி:

நண்பருக்கு வணக்கம். எண்ணிக்கையை முற்றிலும் கைவிட வேண்டாம் என்பது என் கருத்து. கல்லூரி முடித்தபின் எட்டு ஆண்டுகள் ஒரு நூலையும் தொடாமல் இருந்த என்னை மீண்டும் படிக்க வைத்தது அந்த எண்ணிக்கைதான். படித்த நூல்களைப் பதிந்துவைக்கும் குட்ரீட்ஸ் என்ற இணையதளத்தில் 2011 முதல் இருந்துவரும் ஆண்டுச் சவாலில் 24 என்று பதிந்து வைத்தேன். ஆனால் நாம் எத்தனை புத்தகங்கள் பின்தங்கியிருக்கிறோம் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். சித்திரைக் கடைசியில் பெங்களூரா மாங்காய் இறங்கத் தொடங்கினால், பறிப்பு, வண்டி, மண்டி என்று ஆனி வரை எனக்கு உட்காரவே நேரம் இருக்காது. அந்த நேரத்தில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் பரீட்சையில் தோற்றவனைப் போல இருந்தது.

எனவே இப்போது பத்து மாதங்களுக்கு மட்டுமே கணக்கு வைக்கிறேன். அதுவும் பக்கக் கணக்கு. நாளொன்றுக்கு 20 பக்கம் என்றால் 300 நாளில் 6,000 பக்கம் ஆகிறது. 600 பக்க நாவலைப் படித்தாலும் 60 பக்கச் சிறு நூலைப் படித்தாலும் இந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை என்பதால், மெலிந்த நூலைத் தேடி எடுக்கும் ஆசை தானாகவே போய்விட்டது. உங்களுக்கு இரவு ஷிப்டு எந்த வாரங்களில் வரும் என்பது முன்பே தெரியுமானால், அந்த வாரங்களைக் கணக்கிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி:

தம்பி, நான் ஒரே ஒரு நூலை ஓராண்டுக்கு வைத்துக்கொண்ட கதையைச் சொல்கிறேன். பணியில் இருந்த காலம் முழுவதும் புறநானூற்றில் பாடத்திட்டத்தில் வந்த பாடல்களை மட்டும் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தேன். சங்ககாலத் தலைவன் அதியமானின் தகடூரிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே வாழ்ந்துகொண்டு, நாள்தோறும் அதியமான்கோட்டை வழியாகப் பேருந்தில் பள்ளிக்குப் போய்வந்தும், முழு நூலையும் ஒருமுறைகூடப் படிக்கவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது. ஓய்வு பெற்ற ஆண்டில், நாளொரு பாடல் என்று தொடங்கினேன். 400 பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. மீதம் 398. ஆகவே ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் மட்டும் இரண்டிரண்டு பாடல்கள் படித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டேன்.

ஒரு நோட்டில் இடப்பக்கம் பாடலை என் கையால் எழுதி, வலப்பக்கம் எனக்கு விளங்கிய பொருளை எழுதி, அதன் பிறகே உரையைத் திறப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே இருந்தது. அந்த இடத்தைத் தாண்டியபோது கைப்பிடி இல்லாத படியில் இறங்குவது போலத்தான் இருந்தது. பிற்கால உரைகள் இருக்கின்றன என்றாலும், என் வலப்பக்கம் அங்கேதான் நீளத் தொடங்கியது.

கணக்குத் தவறியது 235ஆம் பாடலில். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. சிறிதளவு கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவானே என்று தொடங்கி, அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் பாத்திரத்தையும் துளைத்து, புலவர் நாவிலும் பாய்ந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு போகும் பாடல். அதை எழுதி முடித்த மறுநாள் காலையில் 236க்குப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. ஒன்பது நாள் அந்த ஒரு பாடலையே படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிந்தபோது 361இல் நின்றேன். மாசியில்தான் நிறைவு பெற்றது. அதைத் தோல்வி என்று நான் ஒருநாளும் எண்ணவில்லை, தம்பி.

உங்களுக்கு என் யோசனை இது. நாவல், கட்டுரை என்று பக்கக் கணக்கில் வழக்கம்போல் படியுங்கள். கூடவே ஆண்டு முழுவதும் உடன்வரும் ஒரு நூலையும் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் நின்றுகொண்டு தடித்த நூலை விரிக்க முடியாது. ஒரு பாடலைத் துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். 87 முதல் 95 வரை ஔவையார் நம் அதியமானைப் பாடிய பாடல்கள், அங்கிருந்து தொடங்குங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஊர்ப்புற நூலகர், அரூர் வட்டம்:

வணக்கம். வாங்க வசதியில்லை என்று எழுதியிருப்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன். 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தால், வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தே நம் மக்கள் கட்டிவருகிறார்கள். நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நூலும் உங்கள் பணத்தில் வாங்கியது. பாலக்கோட்டு நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள்.

என்னிடம் வரும் வாசகர் சிலருக்கு நான் வேறொரு சவாலைக் கொடுத்திருக்கிறேன். நூலின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். பத்தாண்டுகளாக முத்திரை விழாத நூல்களாக மாதம் ஒன்று எடுத்துச் சென்று படியுங்கள் என்பேன். சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவி அப்படி எடுத்துப் போனது, ஏரிப் பாசனத்தைப் பற்றிய பழைய நூல். தேதித் தாளில் கடைசி முத்திரை 2007. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் எவர்சில்வர் ஸ்கேலால் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்திருக்கிறார். திருப்பிக் கொடுத்த அன்றே அவருடைய தாத்தா வந்து அதே நூலைக் கேட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் இருக்கிறார் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931இல் விதியாகவே எழுதினார். அந்தத் தேதித் தாளில் முத்திரை குத்தும்போது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

பாலக்கோட்டு வாசகன்:

மூவருக்கும் நன்றி. நூலகத்தில் உறுப்பினர் விண்ணப்பம் வாங்கிவந்துவிட்டேன். இரவு ஷிப்டு வாரங்களைக் கழித்து, 5,000 பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த 600 பக்க நாவல்தான் முதலில்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு செய்தி. நேற்று இரவே 87ஆம் பாடலை எடுத்து எழுதினேன். நான்கே அடிகள். பகைவரே, களத்துக்கு வராதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தைப் போன்றவன் அவன் என்கிறார் ஔவையார். ஒரு ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்று எண்ணி எண்ணி வேலை செய்கிறவன் நான். இன்று காலை உத்தனப்பள்ளி தாண்டும் வரை அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். 88ஐ எப்போது எழுதுவேன் என்று தெரியவில்லை, ஐயா.