மூன்றாம் ஒப்பீட்டு நிலைக்குக் ‘கோடிநிலை’ பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலப் பெயரடையும் வினையடையும் ஏற்கும் மூன்று ஒப்பீட்டு நிலைகளுள் கடைசியானதற்கு, அதாவது ‘டாலஸ்ட்’, ‘மோஸ்ட் கேர்ஃபுலி’ போன்ற வடிவங்களுக்கு (‘சூப்பர்லேட்டிவ் டிகிரி’), தமிழ்க் கலைச்சொல்லாக இங்கே முன்மொழியப்பட்ட ‘மிகுநிலை’, ‘உச்சநிலை’ ஆகிய இரண்டிலும் எனக்கு முழு உடன்பாடில்லை.

‘மிக’ என்னும் சொல் தமிழில் இரட்டை வேலை பார்க்கிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்துவிட்ட தண்ணீர் ‘மிகத் தாமதமாக வந்தது’ என்று காவிரிப் பாசனத்தின் கடைசிப் பகுதியான தலைஞாயிற்று விவசாயி ஒருவர் சொன்னால் அது முறையீடு. ‘எல்லா ஊருக்கும் பிறகு வந்தது’ என்றால் அது வெறும் வரிசை. கடைமடைக்கு அதுதானே வழக்கம்! முன்னதற்கு ‘வெரி லேட்’ என்றும் பின்னதற்கு ‘லேட்டஸ்ட்’ என்றும் ஆங்கிலம் பிரித்துச் சொல்வதை, ‘மிகுநிலை’ என்று கற்கும் மாணவர் ஒன்றாகவே குழப்பிக்கொள்வார்.

‘உச்சம்’ மேல்நோக்கி மட்டுமே பார்க்கும். ‘லீஸ்ட்’, ‘வொர்ஸ்ட்’ ஆகியவற்றை உச்சம் என்பது நெருடுகிறது.

தமிழ்ப் பெயரடைக்கு ‘-எஸ்ட்’ போன்ற விகுதி இல்லை. ஒப்பிடப்படும் கூட்டத்தைச் சொல்லியே நாம் இப்பொருளைப் பெறுகிறோம். ‘செல்வத்துள் எல்லாம் தலை’ என்று குறள் 411 முடிவது அப்படித்தான். வினையடைக்கும் இதே வழிதான்: ‘எல்லாரினும் வேகமாக ஓடினாள்’ என்பதில் ஐந்தாம் வேற்றுமை உருபும் (‘இன்’) முற்றும்மையும் (‘உம்’) சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. ‘தலைநிலை’ என்றே வைக்கலாமே எனில், சிறந்ததற்குத் தலை பொருந்தும். மோசமானதற்குக் கடை அல்லவா வேண்டும்?

தலை, கடை இரண்டையும் தழுவும் சொல் ‘கோடி’. தெருக்கோடி எந்தப் பக்கத்து முனையாகவும் இருக்கலாம். கடலுக்குள் நீளும் நிலமுனையைக் கோடியக்கரை என்றே வழங்குகிறோம். ஆகவே இயல்நிலை, ஒப்புநிலை, கோடிநிலை என மூன்றையும் அமைக்கலாம் என்பது என் பரிந்துரை. நூறு இலட்சம் நினைவுக்கு வரும் என்னும் தடையை ‘நிலை’ என்னும் பின்னொட்டே தீர்த்துவிடும். (‘டிகிரி’ என்பதற்கு ‘நிலை’ என்று வைத்து, ‘படி’யைத் தவிர்த்ததற்குக் காரணம், எங்கள் பக்கத்தில் படி என்றால் முதலில் நெல் அளப்பதுதான்.)

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ‘ஒன் ஆஃப் தி டாலஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, முனையில் பல நிற்கின்றன. கோடி அத்தனைக்கும் இடம் கொடுக்குமா என்பதை இலக்கணம் அறிந்தோர் சொல்ல வேண்டுகிறேன்.