செத்துப்போன தலைவர்கள் ஏஐ-ல வந்து ஓட்டு கேக்கலாமா?

திண்ணைப்பேச்சு:
2024 ஜனவரில டி.ஆர்.பாலு புக் ரிலீஸ்ல கலைஞர் ஸ்கிரீன்ல வந்து வாழ்த்துனாரு, அப்படியே ஸ்டாலின் ஆட்சியயும் பாராட்டிட்டுப் போனாரு. அவர் இறந்தது 2018ல. அடுத்த மாசம் 24ம் தேதி ஜெயலலிதா பிறந்தநாள், அதிமுககாரங்க ஏஐ குரல்ல ஆடியோ விட்டாங்க, எடப்பாடி பின்னாடி நில்லுங்கன்னு. 2016ல போனவங்க எடப்பாடிய பத்தி என்ன நினைச்சாங்கன்னு இவங்களுக்கு யார் சொன்னா?

வைகைக்கரையான்:
ஓவரா பதறாதீங்க பாஸ். அம்மா குரல் வந்து என்ன ஆச்சு, 2024 எம்பி எலக்‌ஷன்ல 39ல ஒரு சீட்டு கூட அதிமுகவுக்கு வரல. எம்ஜிஆர் மாதிரி தொப்பி கண்ணாடி போட்டு மேடையில ஆடி ஓட்டு கேட்ட ஊரு இது, அப்ப யாராச்சும் ஏமாந்தாங்களா?

திண்ணைப்பேச்சு:
வேஷம் போட்டவன் யாருன்னு ஊருக்கே தெரியும், அது வேற இது வேற. எங்கம்மா பழைய ரெட்டை இலை. அந்த ஆடியோ வாட்ஸப்ல வந்தப்ப மாவு ஆட்டிட்டு இருந்தாங்க, கிரைண்டர ஆஃப் பண்ணிட்டு ஈரக்கையோட மூணு தடவ கேட்டாங்க, கம்ப்யூட்டர் பேசுதும்மான்னு சொன்னேன், "தெரியும்டா, குரல் அவங்களோடதுதானே"ன்னாங்க. பொய்னு தெரிஞ்சும் கண்ணு கலங்குதுல்ல, அதைத்தான் சொல்றேன்.

பவர்டேபிள்:
நான் திருப்பூர். 2023 மார்ச்ல வடமாநில ஆளுங்கள இங்க அடிச்சு கொல்றாங்கன்னு வீடியோ பரவுச்சே, அதுல எந்த ஏஐ இருந்துச்சு? பீகார் ஆளுங்களுக்குள்ள நடந்த அடிதடி ஒன்னு, கோயம்புத்தூர் ஆளுங்களுக்குள்ள நடந்தது இன்னொன்னு, டிஜிபி சைலேந்திரபாபுவே பொய்னு வீடியோ போட்டாரு. அதுக்குள்ள எங்க பனியன் யூனிட்ல பாதி டேபிள் காலி. ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுற பையன் போன நீட்டி "அண்ணா, இது எந்த ஏரியா"ன்னு கேட்டான், எனக்கே தெரியல, பை தூக்கிட்டு ஸ்டேஷன் போயிட்டான். ஒரு தலைப்ப மாத்திப் போட்டா போதும்யா, ஏஐ எல்லாம் அப்புறம்.

வைகைக்கரையான்:
அதான் நானும் சொல்றேன், பழைய பொய்க்கு புதுப் பேரு.

திண்ணைப்பேச்சு:
இல்லங்க, ஒன்ன விட்டுட்டீங்க. அதே வருஷம் ஏப்ரல்ல, அப்ப நிதியமைச்சரா இருந்த பிடிஆர் பேசுனதா அப்ப பிஜேபி மாநிலத் தலைவரா இருந்த அண்ணாமலை ஆடியோ விட்டாரு, பிடிஆர் அது ஜோடிச்சதுன்னாரு. எது உண்மைன்னு நான் சொல்ல வரல, ஆனா அன்னைக்கு டீக்கடையில பாத்தேன், திமுககாரன் கேக்காமலே ஏஐன்னான், பிஜேபிகாரன் கேக்காமலே ஒரிஜினல்னான். நாளைக்கு ஒருத்தன் நிஜமாவே லஞ்சம் பேசி மாட்டுனாலும் ஏஐன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவான். இது வாட்ஸப் வதந்தி காலத்துல இல்லாத வசதி.

வைகைக்கரையான்:
தேர்தல் கமிஷன்தான் 2024 மே மாசம் கட்சிகளுக்கு உத்தரவு போட்டுச்சே, டீப்ஃபேக், அதான் ஏஐ-ல செஞ்ச போலி ஆடியோ வீடியோ, தெரிய வந்தா 3 மணி நேரத்துல தூக்கணும்னு.

பவர்டேபிள்:
நம்ம ஊருல ஏப்ரல் 19க்கே ஓட்டு முடிஞ்சிருச்சு சார். அப்புறம் கட்சி பேஜ்ல தூக்குனா எங்க ஃபேமிலி குரூப்ல யாரு தூக்குவா, எங்க பெரியப்பாவா?

வைகைக்கரையான்:
உங்க பெரியப்பாவ முதல்ல குரூப்ல இருந்து தூக்குங்க 😂

பவர்டேபிள்:
அட்மினே அவருதான்.