கோவில் தெரு குழு (காத்தர் போர்ன், மொரிஷியஸ்; மெட்ரோ ரயில் பாதை போட்ட காலம்): காவடிக்கு வழி

செவ்வாய்க்கிழமை

தேவி அக்கா, 16:12
யாரும் இப்போ நம்ம கடைத் தெருப் பக்கம் வராதீங்க. சேன் ழான் ரோட்டுல இருந்து ரொட்டிக்கடை வரைக்கும் வண்டி அப்படியே நிக்குது. என் கடைக்கு முன்னாடி மெட்ரோ டிராம் ரயிலுக்குத் தோண்டின பள்ளத்து மேல இரும்புத் தகடு போட்டிருக்காங்க. வண்டி ஏறும்போதெல்லாம் டமால் டமால்னு சத்தம். புடவை விலை கேட்டு வந்த அம்மா ரெண்டு தடவை திடுக்கிட்டு, வாங்காமலே போயிட்டாங்க.

குமார் (டாக்சி), 16:15
நான் அந்த வரிசைலதான் இருக்கேன். கியூர்பிப் ஊருக்குப் போறவர் பின் சீட்டுல தூங்கிட்டார்.

செல்வி, 16:16
அண்ணா, வண்டி ஓட்டும்போது மெசேஜ் போடாதீங்க

குமார், 16:16
ஓட்டினாத்தானேம்மா

சிவகாமி டீச்சர், 16:31
கோவில்ல கொடி ஏத்தியாச்சு. அடுத்த வியாழக்கிழமை காவடி. இந்தப் பள்ளத்தைத் தாண்டி எப்படி வரப் போறோம்னு யாராவது யோசிச்சீங்களா? கணேசன் அண்ணா, கமிட்டியில என்ன பேசினீங்க?

கணேசன் பெரியப்பா, 17:05
பேசினோம். வழி மாறாது. எங்க அப்பா காலத்துல இருந்து அந்தத் தெரு வழியாத்தான் முருகன் வர்றார். ரயில்காரங்க ஒதுங்கட்டும்.

தேவி அக்கா, 17:09
பெரியப்பா கோவிச்சுக்காதீங்க. ஒரு வருஷம் பின் தெரு வழியா வந்தா என்ன? முருகனுக்கு மயில் இருக்கு, எந்தத் தெருவா இருந்தாலும் வருவார். நமக்குத்தான் கால் இருக்கு.

கணேசன் பெரியப்பா, 17:10
பின் தெருவுல தேர் திரும்பாது. ரெண்டு பக்கமும் கருங்கல் மதில். உனக்கே தெரியும்.

குமார், 17:22
பின் தெருவா! அது இப்போ தேசிய நெடுஞ்சாலை. ரோடு மூடினதுல இருந்து ஊர்ல இருக்கிற அத்தனை காரும் அது வழியாத்தான் குறுக்கே பாயுது. எதிர்ல ஒரு வேன் வந்தா யாராவது ஒருத்தர் அரை தெரு பின்னாலயே போகணும். நேத்து நானும் ஒரு மீன் வண்டிக்காரரும் பிடிவாதமா நின்னோம். மீன் நாறும்னு பயந்து நான்தான் பின்னால போனேன்.

முகிலன், 21:48
எல்லாருக்கும் வணக்கம். இப்பத்தான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன். பெரியப்பா, வண்டிக்கு வழி மாத்துறதுக்கு எங்க மெட்ரோ டீம்ல ப்ளான் இருக்கு. நீங்க சொன்னதும் எடுத்துப் பார்த்தேன். மணிக்கு எத்தனை கார், எத்தனை பஸ், எத்தனை லாரின்னு எண்ணி வெச்சிருக்கோம். வெறுங்கால்ல நடந்து வர்றவங்க கணக்கு எங்கயும் இல்ல. நாளைக்குக் காலையில அந்த வழி பூரா நடந்து பார்க்கணும், யாராவது கூட வாங்க.

கணேசன் பெரியப்பா, 21:55
நான் வர்றேன். ஆறு மணிக்கு கோவில் வாசல்ல நில்லு தம்பி. சாப்பிட்டியா?

முகிலன், 21:56
டீச்சர் வீட்ல விரதச் சாப்பாடு இருந்துச்சு பெரியப்பா. வாடகை குடுக்கிறது ரூமுக்கு மட்டும்தான், சாப்பாடு கணக்குல வரல 🙏

தேவி அக்கா, 22:03
முகிலா, ஒரு கேள்வி. தண்டவாளம் போட எதுக்கு இத்தனை மாசம்? நாலு பேர் குழிக்குள்ள நின்னு எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்காங்க.

முகிலன், 22:20
அக்கா, தண்டவாளம் போடுறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி அடியில இருக்கிறதை எல்லாம் ஓரமா மாத்தணும்: தண்ணிக் குழாய், கழிவுநீர்க் குழாய், கரண்ட் கேபிள், டெலிபோன் கேபிள். தண்டவாளத்துக்கு அடியிலயே குழாயை விட்டுட்டா, நாளைக்கு அது உடையும்போது டிராமை நிறுத்திட்டுத்தான் தோண்டணும். பழைய வரைபடத்துல குழாய் ஒரு இடத்துல இருக்கும், மண்ணுக்குள்ள வேற இடத்துல இருக்கும். அதனால மெஷினை இறக்குறதுக்கு முன்னாடி கையால சின்னக் குழி வெட்டிப் பார்க்கணும். குழிக்குள்ள நிக்கிற நாலு பேர் அதுக்குத்தான். அவங்க எட்டிப் பார்க்காம மெஷினை விட்டா தெருவுக்கே தண்ணி வராது.

குமார், 22:24
அது சரி. மூடுறதை ஒரேயடியா முழு ரோட்டையும் மூடிட்டு வேகமா முடிக்கலாமே? துண்டு துண்டா மூடி உயிரை வாங்குறீங்க.

முகிலன், 22:41
கடை, வீடு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கிற தெருவை முழுசா மூட முடியாதுண்ணே. பாதி ரோட்டுல வேலை, மீதிப் பாதியில மாத்தி மாத்தி வண்டி விடுறது, அதான் வழி. எவ்வளவு நீளம் மூடுறதுன்னு வேலை வேகத்தை வெச்சு முடிவு பண்ண மாட்டோம். கொடி பிடிக்கிறவர் நிறுத்துற வரிசை பின்னாடி இருக்கிற சந்திப்பைத் தொடக்கூடாது. தொட்டுட்டா குறுக்கே போற வண்டியும் மாட்டிக்கும், ஒரு தெருவை மூடினதுக்கு நாலு தெரு நிக்கும். இன்னிக்கு நாலு மணிக்கு நடந்தது அதுதான்.

குமார், 22:44
இன்னிக்கு நாலு மணிக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். ரொட்டிக்கடை. சாயங்கால ரொட்டி சூடா வர்ற நேரம். மஞ்சக் கோட்டு மேல ரெண்டு காரை நிறுத்திட்டு "ஒரே நிமிஷம்"னு உள்ள போறாங்க. திறந்திருக்கிறதே பாதி ரோடு, அதுல பாதி ரொட்டிக்குப் போச்சு. ஒரு போலீஸ்காரர் நாலுல இருந்து அஞ்சரை வரைக்கும் அந்தக் கடை வாசல்ல நின்னா போதும், உங்க ப்ளான்ல பாதி தேவையில்ல.

முகிலன், 22:46
அண்ணே இதை நான் மீட்டிங்ல அப்படியே சொல்லப் போறேன்

குமார், 22:51
இன்னொண்ணு. "ரோடு மூடப்பட்டுள்ளது"ங்கிற பலகை எங்க இருக்கு? மூடின இடத்துலயே இருக்கு! அங்க வந்து படிச்சுட்டு என்ன பண்றது, பறக்கிறதா? கடைசியா திரும்ப முடியிற முனைக்கு முன்னாடியே வைக்கணும். ஊர்க்காரனுக்குத் தெரியும், வெளியூர்க்காரன் நடுரோட்டுல மூணு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புறான், அதுக்கு பத்து வண்டி காத்து நிக்கணும்.

சிவகாமி டீச்சர், 22:58
குமார் சொல்றது சரி. பஸ் நிறுத்தத்தையும் சொல்லுங்க. நிறுத்தத்தைத் தள்ளி வெச்சது தெரியாம என் பக்கத்து வீட்டுப் பாட்டி பழைய கம்பத்துக்கு அடியிலேயே வெயில்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. கம்பத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு, எழுத்து எறும்பு மாதிரி. ஆள் வெச்சுச் சொல்லணும்.

ரயில் இந்த ஊருக்குப் புதுசு இல்ல முகிலா. 1865லயே போர்ட் லூயிஸ்ல இருந்து மஹேபூர் வரைக்கும் மத்திய ரயில் பாதை போட்டாங்க. என் அப்பா துறைமுக வேலைக்கு காத்தர் போர்ன் ஸ்டேஷன்லதான் ஏறுவார். 1956ல பயணிகள் ரயில் நின்னுச்சு, 1964ல சரக்கு ரயிலும் போச்சு. அப்புறம் எல்லாரும் கார் வாங்கினாங்க. இப்போ அந்தக் காருக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே ரயில் போடணும். அப்போ போட்டவங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல, கரும்புத் தோட்டம்தான் இருந்துச்சு.

முகிலன், 23:04
எங்க சென்னையிலயும் இதே கதைதான் டீச்சர். முதல் கட்ட மெட்ரோவுக்காக அண்ணா சாலையில ஒரு பகுதி பல வருஷம் ஒருவழியாவே கிடந்துச்சு. காலேஜ் படிக்கும்போது நான் திட்டினேன். இப்போ நான் திட்டு வாங்குறேன்.

புதன்கிழமை

கணேசன் பெரியப்பா, 07:40
நடந்து பார்த்தாச்சு. மூணு இடத்துல பள்ளம், மூணுலயும் இரும்புத் தகடு. அதுக்கு நடுவுல ஜல்லி சிதறிக் கிடக்கு, ஒவ்வொண்ணும் கூர் கூரா. செருப்பு போட்டிருந்தும் குத்துச்சு.

செல்வி, 14:20
மத்தியானம் தேவி அக்கா கடை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு தகட்டுல கால் வெச்சேன். தோசைக்கல். உடனே எடுத்துட்டேன். பால் குடத்தோட அந்த இடத்துல எல்லாரும் நின்னு போற மாதிரி ஆச்சுன்னா என்ன பண்றது? முன்னாடி போறவங்க நின்னா நாமளும் நிக்கணும்.

தேவி அக்கா, 14:22
இவ கால் வெச்சதை நான் பார்த்தேன். கத்தினது எனக்கு எதிர்க் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

குமார், 14:30
ஈரச் சாக்கு போடலாம்

முகிலன், 18:15
இதைத்தான் நாங்களும் பேசினோம். வெறும் ஈரச் சாக்குன்னா இரும்பு மேல வழுக்கும். ஆணிச் செருப்பு போட்டு வர்றவங்களுக்கு அடியில மரக்கட்டை, அவங்க கண்டிப்பா வழுக்குவாங்க. அலகு குத்தி, தோள்ல காவடி வெச்சிருக்கிறவர் வழுக்கினா பிடிக்கிறதும் கஷ்டம். எங்க மேலதிகாரிகிட்ட படத்தோட காட்டினேன். ரெண்டு பள்ளத்தை காவடிக்கு முன்னாடியே மண் போட்டு மூடி, மேல தார் போட ஒத்துக்கிட்டாங்க. தேவி அக்கா கடை முன்னாடி இருக்கிறதை மூட முடியாது, குழாய் இணைப்பு பாதியில இருக்கு. அங்க தகடு இருக்கும். அது மேல ஈர மணல் பரப்பி, அதுக்கு மேல நனைச்ச சாக்கு, ஓரத்துல மணல் மூட்டை வெச்சு இறுக்கணும். மணல் நாங்க தர்றோம். சாக்கு?

தேவி அக்கா, 18:19
சாக்கு என் மச்சினன் கடையில வாங்கலாம். உருளைக்கிழங்குச் சாக்கு, சணல்.

கணேசன் பெரியப்பா, 18:40
சணல்தான் வேணும், பிளாஸ்டிக் ஆகாது. கோவில் பெருசுங்க நாலு பேர் அங்கயே நின்னு தண்ணி தெளிப்பாங்க.

முகிலன், 18:44
பெரியப்பா, தண்ணி விஷயத்துல ஒரு வேண்டுகோள். பக்தர்கள் காலுக்கு வீட்டு வாசல்ல இருந்து ஹோஸ் பிடிச்சு ரோட்டை நனைப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. பள்ளத்துப் பக்கத்துல மட்டும் ஹோஸ் வேண்டாம். ஓரத்து மண் இளகி உள்ள சரியும். அங்க வாளியும் செம்பும்தான்.

கணேசன் பெரியப்பா, 18:50
சரி. அதையும் மைக்ல சொல்லிடறேன்.

திங்கட்கிழமை

கணேசன் பெரியப்பா, 12:10
டிராஃபிக் போலீஸ், மெட்ரோ ஆளுங்க, கமிட்டி எல்லாரும் இன்னிக்குத் தெருவுல நின்னு பேசினோம். எல்லாரும் கவனமா படிங்க, ரெண்டு தடவை எழுத மாட்டேன். வழி அதேதான். புதன் ராத்திரியில இருந்து தெருவுல கார் நிறுத்தக்கூடாது, கால்பந்து மைதானத்துல விட்டுட்டு நடந்து வாங்க. காவடி முடிஞ்சு பரிமாறுற ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் காய்கறி கொண்டுவர்ற லாரி காலையில ஆறு மணிக்கு முன்னாடி கோவிலுக்குள்ள இருக்கணும், பூசணிக்காய்க்காரர்கிட்ட யாராவது சொல்லுங்க, அவர் எப்பவும் லேட். ஊர்வலம் போகும்போது ஒரு பக்கம் ஆம்புலன்ஸ் வர இடம் விடணும். காந்தோஸ் ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி நம்மால நின்னுச்சுன்னு பேச்சு வரக்கூடாது. தடுப்புல ஒண்ணை மட்டும் ஆள் தள்ளினா நகர்ற மாதிரி சக்கரம் வெச்சுத் தர்றாங்க, அது பக்கத்துல குமார் நிப்பான்.

குமார், 12:14
எனக்கு யாரும் சொல்லல

கணேசன் பெரியப்பா, 12:14
இப்போ சொல்லிட்டேன்

முகிலன், 12:30
குமார் அண்ணன் சொன்ன மாதிரி பலகையைக் கடைசித் திருப்பத்துக்கு முன்னாடி வெக்கிறோம். ரெண்டு இடம். ஒண்ணு சேன் ழான் ரோட்டு முனை, இன்னொண்ணு ரொட்டிக்கடைக்கு முந்தின திருப்பம். பஸ்ஸை அதே ரோட்டுல விட்டு காரை மட்டும் சுத்தி அனுப்பலாம்னு பார்த்தோம், ஊர்வலம் போகும்போது அது முடியாது. மத்த நாள்ல அப்படித்தான் செய்யணும்னு எழுதியிருக்கேன். ஒரு பஸ்ஸுல இருக்கிறவங்க எல்லாரும் கார்ல வந்தா வரிசை எங்க போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தேவி அக்கா, 12:41
என் கடைக்கு வர ஒரு பலகைப் பாலம் போட்டுத் தர்றியா முகிலா? கைப்பிடியோட. வயசானவங்க பள்ளத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடறாங்க.

முகிலன், 12:43
எழுதிக் குடுத்திருக்கேன் அக்கா. இந்த வாரத்துக்குள்ள.

வியாழக்கிழமை

சிவகாமி டீச்சர், 06:05
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! பூசணிக்காய் வந்துடுச்சு.

செல்வி, 13:50
எல்லாரும் நல்லபடியா வந்து சேர்ந்தாச்சு. என் பால் திரியல 🙏 தகட்டு மேல நின்னோம், ரொம்ப நேரம். சாக்கு ஜில்லுனு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி புதுத் தார் போட்ட இடம்தான் சுட்டுச்சு, அதை யாரும் நினைக்கல.

முகிலன், 14:02
ஆமா. கறுப்புத் தார், புதுசு வேற. வெயிலை உறிஞ்சி வெச்சுக்கும். அங்கயும் மணல் தூவியிருக்கணும், நோட்ல எழுதிக்கிறேன்.

குமார், 14:20
தடுப்பை ஒரே ஒரு தடவை தள்ளினேன், ஆம்புலன்ஸுக்கு. கூட்டம் தானா விலகுச்சு. ஒரு வெள்ளை ஜீப்காரர் அது பின்னாலயே நுழையப் பார்த்தார். பெரியப்பா தேர்ல இருந்தபடியே ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, ஜீப் ரிவர்ஸ்ல போயிடுச்சு.

தேவி அக்கா, 15:10
சாக்கு எல்லாம் என் கடைக்குள்ள இருக்கு, ஈரத்தோட. மச்சினனுக்கு இன்னிக்கே திருப்பிக் குடுக்கணும், ரெண்டு பேர் வந்து தூக்குங்க. ஏழு கறி எனக்கு எடுத்து வெச்சாச்சா?

முகிலன், 19:30
பெரியப்பா, அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஒண்ணு கேட்டு வெச்சுக்கறேன். அப்போ பள்ளம் இருக்காது, ஆனா மேல கம்பி இருக்கும். ரோஸ் ஹில்ல பார்த்திருப்பீங்க, டிராமுக்கு கரண்ட் அதுலதான் வருது, 750 வோல்ட். கையால தொட வேண்டியது கூட இல்ல, ஈர மூங்கிலோ கம்போ பட்டாலே ஆபத்து. ஊர்வலம் கடக்கும்போது கரண்ட்டை நிறுத்தச் சொல்லி கமிட்டியில இருந்து முன்கூட்டியே கடிதம் குடுக்கணும். காவடியில வெக்கிற மூங்கில், கொடிக்கம்பம், எல்லாத்துக்கும் உயரக் கணக்கு வேணும். தேர் எவ்வளவு உயரம்?

கணேசன் பெரியப்பா, 20:02
அளந்ததே இல்ல. நாளைக்கு ஏணி போட்டு அளந்து சொல்றேன். கலசத்தோடவா, கலசம் இல்லாமலா?

முகிலன், 20:03
ரெண்டும் வேணும் பெரியப்பா. கலசத்தைக் கழட்டி மாட்ட முடியுமா?

கணேசன் பெரியப்பா, 20:06
முடியும். மூணு திருகுதான். ஒண்ணு துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் விடச் சொல்றேன்.