ஐகான் 1.6-ஐக் கொடுத்து ஹோண்டா சிட்டி வீடெக் வாங்குவது: மேற்கொண்டு எவ்வளவு கொடுக்கலாம்?

கோவை_ஐகான் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 2003-ஆம் ஆண்டின் ஃபோர்ட் ஐகான் 1.6 இருக்கிறது. மறைமலை நகரில் தயாரான வண்டி. நான் இரண்டாவது உரிமையாளர். ரோகாம் இன்ஜின் இன்னும் நல்ல இழுவையோடு இருக்கிறது, பதிவு 2028 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, கூலன்ட் கசிந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூட்டைச் சென்ற ஆண்டு மாற்றிவிட்டேன். ஓட்டுநர் பக்கக் கதவின் அடிப்பகுதியில் கொஞ்சம் துரு இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் (அதிக சுழற்சியில் கூடுதல் இழுவை தரும் ஹோண்டாவின் வால்வு அமைப்பு) மீது கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ஆசை. அந்த நாளில் 106 குதிரைத்திறன் என்பது நம் ஊர் செடான்களில் அரிது. 2003-இல் 77 குதிரைத்திறன் இன்ஜினோடு புதிய சிட்டி வந்தபோது, பழையதை வைத்திருந்தவர்கள் அதை விற்க மனமில்லாமல் இருந்ததில் வியப்பில்லை. இப்போது சென்னை பள்ளிக்கரணையில் 2002 நவம்பரில் பதிவான ஒரு வீடெக் கிடைத்திருக்கிறது. அதன் உரிமையாளர் கார் ஓட்டக் கற்றதே ஐகானில்தானாம். ஆகவே என் வண்டியை எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு 1,40,000 ரூபாய் கேட்கிறார். சிட்டிக்கு அவர் போட்டிருக்கும் விலை 2,90,000.

இந்த வித்தியாசம் நியாயமானதா, அவர் மனம் கோணாமல் இதை எப்படிக் குறைத்துப் பேசுவது, வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனி நடைமுறை உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருவள்ளூர்_லான்சர் எழுதியது:

விலையைப் பேசும் முன் வண்டி பள்ளிக்கரணையில் நிற்கிறது என்பதை மனத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதி தண்ணீரில் தவித்தது. அந்த இரண்டு சமயங்களிலும் கார் எங்கே நின்றது என்று உரிமையாளரிடம் நேரடியாகவே கேளுங்கள்; வண்டி வாங்க வருபவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது. பிறகு உங்கள் கையால் சோதியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தால், வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதி தெரியும். தண்ணீர் ஏறிய வண்டியாக இருந்தால் அங்கே மண் படிந்த கோடு ஒன்று நிற்கும், ஏனென்றால் உள்ளலங்காரத்தை ஷாம்பூ போட்டுக் கழுவுகிறவர்கள் அந்த இடம் வரை போவதில்லை. முன் இருக்கை நகரும் இரும்புச் சட்டத்தின் அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஓடவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டால் உண்மை தெரிந்துவிடும். அதன்பின் நண்பகல் வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடியும் ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தக் காலத்து ஹோண்டாக்களில் டாஷ்போர்டுக்கு அடியில், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயின் ஈயப் பற்றில் காலப்போக்கில் விரிசல் விழும். காலையில் ஒழுங்காக ஓடிய கார் வெயிலில் காய்ந்தபின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது அதனால்தான். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். அந்த ஓசை வரவில்லை என்றால் முதலில் ரிலேயைச் சந்தேகியுங்கள். செலவு பெரிதல்ல, ஆனால் தெரியாமல் வாங்கினால் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஐகானில் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின். சிட்டியில் இருப்பது காலத்துக்குக் காலம் மாற்றவேண்டிய பெல்ட். அதை மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வீடெக் வேலை செய்கிறதா என்று நெடுஞ்சாலையில் ஐயாயிரம் சுழற்சிக்கு மேல் ஓட்டித்தான் பார்க்க வேண்டும், அதற்கு முன் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்: ஆயில் அழுத்தம் போதாவிட்டால் உயர்வேகக் கேம் சேரவே சேராது.

ஆர்சி_முதலில் எழுதியது:

மாற்றிக்கொள்வதற்கெனத் தனி நடைமுறை எதுவும் கிடையாது. சட்டத்தின் பார்வையில் இது ஒரே நாளில் நடக்கும் இரண்டு விற்பனைகள். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30, விலை குறிப்பிட்ட தனி ரசீது ஆகியவை வேண்டும். ஒரே தாளில் ‘இந்தக் காருக்கு அந்தக் கார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது பின்னால் யாருக்கும் உதவாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றிக்கொள்ளும்போது நீங்கள் ஒரே நேரத்தில் விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்கிறீர்கள் என்பதால் இரண்டு கடமைகளும் உங்களுக்கு உண்டு. தான் வாங்கிய காரைப் பெயர் மாற்றுவதில் காட்டும் அக்கறையைப் பலர் தான் கொடுத்த காரில் காட்டுவதில்லை. ஆபத்து இருப்பதோ கொடுத்த காரில்தான். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: கார் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை இடைத்தரகரிடம் கொடுத்துவிட்டு வருவதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்கு அந்தத் தீர்ப்பே காரணம்.

காப்பீட்டை 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காததற்குக் கிடைத்த தள்ளுபடியான உங்கள் நோ கிளெய்ம் போனஸ் உங்களோடு வரும், ஐகானோடு போகாது. அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிட்டியின் ஆர்.சி.யில் ஏதேனும் வங்கியின் பெயர் நிற்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். கடனை எப்போதோ அடைத்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து ஹைபோதிகேஷனை (வங்கியின் அடமானப் பதிவை) நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். பழைய வண்டியில் அந்த வங்கிக் கடிதத்தைத் தேடி அலைவது பெரும்பாடு. சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவும் மறக்காதீர்கள்.

மதுரை_எஸ்டீம் எழுதியது:

அவர் சிட்டிக்கு 2,90,000 சொல்லி மேற்கொண்டு 1,40,000 கேட்கிறார் என்றால், உங்கள் ஐகானுக்கு 1,50,000 போட்டிருக்கிறார் என்று பொருள். இந்த எண்ணை அவர் வாயால் சொல்ல வையுங்கள். மாற்றிக்கொள்ளும் பேச்சில் இரண்டு விலைகளையும் ஏற்றிச் சொல்வது எளிது, கேட்பவருக்கும் தன் வண்டி மதிக்கப்படுகிறது என்று மனம் குளிரும். ஆனால் உங்கள் பையிலிருந்து போகப்போவது வித்தியாசம் மட்டும்தான். சிட்டியை இன்று ரொக்கத்துக்கு வாங்குவதாக இருந்தால் எவ்வளவு, ஐகானை ரொக்கத்துக்கு விற்பதாக இருந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரொக்க விலை கேட்டதும் சிட்டி 2,60,000-க்கு இறங்கி, ஐகான் 1,50,000-இலேயே நின்றால், நியாயமான வித்தியாசம் 1,10,000தான் என்பது அவருக்கே புலப்படும்.

அடுத்து, குறைகளைப் பொதுவாகப் பேசாதீர்கள். ஆசையாய் வளர்த்த காரைப் பற்றி ‘பழைய வண்டிதானே’ என்றால் எவருக்கும் வலிக்கும், பேச்சும் அங்கேயே நின்றுவிடும். செலவாக மாற்றக்கூடியதை மட்டும் எடுத்து வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1417 என்றால் 2017-இன் 14-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமலிருந்தாலும் அந்த ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் ஏற முடியாது, ஆகவே நான்கு டயர்களின் விலை பேச்சுக்கு வருகிறது. 2002 நவம்பரில் பதிவான வண்டிக்கு 2027 நவம்பரில் மறுபடியும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்த அந்தக் கட்டணம், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. பசுமை வரியும், எஃப்.சி.க்குக் காட்டும் முன் செய்யவேண்டிய டிங்கரிங், பெயின்டிங் வேலைகளும் தனி. உங்கள் ஐகானுக்கு 2028 வரை அந்தக் கவலை இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

கதவுத் துருவை அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே காட்டிவிடுங்கள். நீங்கள் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் அவர் நம்புவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

கோவை_ஐகான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று எனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய் வந்தேன். சீட் பெல்ட்டுகளும் தரைவிரிப்பின் அடிப்பக்கமும் சுத்தமாக இருந்தன. இரண்டு வெள்ளங்களின்போதும் கார் அவருடைய அண்ணன் வீட்டில் வேலூரில் நின்றதாம், 2015 டிசம்பர் தேதியிட்ட வேலூர் சர்வீஸ் பில்லையும் காட்டினார். வெயிலில் நிறுத்திய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தது. பம்ப் முனகும் ஓசை வரவே இல்லை. டைமிங் பெல்ட்டுக்கு பில் கிடையாது. டயர்கள் 2017-ஐச் சேர்ந்தவை. ஐகானின் கதவைத் திறந்து துருவைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, அதற்காக எதையும் கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேசி முடித்தபோது வித்தியாசம் 1,05,000 ஆனது. ரிலேயை அவரே மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். பெயர் மாறி வரும் வரை வண்டிகளை அவரவரே வைத்துக்கொள்வதா, இல்லை பணம் கொடுக்கும் அன்றே சாவிகளை மாற்றிக்கொள்வதா?

ஆர்சி_முதலில் எழுதியது:

இரண்டு வண்டிகளுக்குமான விண்ணப்பங்களை ஒரே நாளில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டுகள் கைக்கு வந்த பிறகு, வித்தியாசத் தொகையை வங்கி வழியாக அனுப்பிவிட்டுச் சாவிகளை மாற்றிக்கொள்ளலாம். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று மாலையே கேமராவில் சிக்கி அபராதம் வந்தாலும் யார் கட்டுவது என்ற சச்சரவு எழாது. ஐகானின் ஃபாஸ்டேகை உங்கள் வங்கியில் சொல்லி அன்றே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் கடக்கும் சுங்கச்சாவடிகளுக்கெல்லாம் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். சிட்டியின் கண்ணாடியில் அவர் பெயரிலிருக்கும் ஃபாஸ்டேகையும் எடுத்துவிட்டுப் புதியது ஒட்டிக்கொண்டு கோவைக்குக் கிளம்புங்கள்.