கோபிப் பக்கம் புது வீட்டுக்கு ஹீட் ரெகவரி வென்டிலேஷன் தேவைங்களா?

வாய்க்கால்மேடு (கேள்வி)

வணக்கமுங்க. கோபியை ஒட்டி 1,800 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் மேல்தளம் காங்கிரீட். ஸ்டட்கார்ட்டில் இருக்கிற மச்சான், "எச்.ஆர்.வி. இல்லாமல் வீடு கட்டாதீங்க மாப்ளே, வெளியே போகிற காற்றில் இருக்கிற சூட்டைப் பிடித்து உள்ளே வருகிற காற்றுக்குக் கொடுத்துவிடும், கரண்ட் மிச்சம்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறார்.

எங்கள் நிலைமை இதுதான்: சுற்றிலும் கொடிவேரித் தண்ணீர் பாயும் வயல். பொழுது சாயும்போதே ஜன்னலைச் சாத்தாவிட்டால் கொசு ஆளைத் தூக்கிவிடும். பக்கத்திலேயே வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாய், புகை வேறு. அம்மாயிக்கு வீசிங். இரண்டு படுக்கையறைக்கும் ஏசி போடுகிறோம். இதற்கெல்லாம் அந்த மெஷின் சரிவருங்களா?

பெருந்துறைக்காரி, இப்போது ஜெர்மனி

உங்கள் மச்சான் சொல்வது இங்கே ஜெர்மனிக்குச் சரிங்க. 1991இல் டார்ம்ஸ்டாட்டில் முதல் பாசிவ் ஹவுஸ் (ஹீட்டர் செலவு ரொம்பக் குறைவாக இருக்கும்படி காற்றுப் புகாமல் கட்டும் வீடு) கட்டியதிலிருந்தே இங்கே இது பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த மாதிரி வீட்டில் மூன்று அடுக்குக் கண்ணாடி, காற்றுப் புகாத கதவு, எங்கே கசிகிறது என்று ஃபேன் வைத்து அழுத்திச் சோதனைகூட உண்டு. நம்மூரில் வாசற்கதவுக்கு அடியில் பல்லி போய்வருகிறது. அந்த வீட்டில் மெஷின் எந்தக் காற்றைப் பிடிக்கும்?

டக்ட் வேலை, பீளமேடு

மாப்ளே மச்சான் சண்டைக்குள் நான் வரலீங்க, கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேர் தூங்கும் அறைக்கு மணிக்கு 60 கன மீட்டர் புதுக்காற்று என்று வைப்போம். அந்தக் காற்றை ஒரு டிகிரி மாற்ற 20 வாட். ஸ்டட்கார்ட்டில் வெளியே மைனஸ் 5, உள்ளே 21 என்றால் 520 வாட். அதில் முக்கால்வாசியைத் திரும்பப் பிடித்தால் 390 வாட், நல்ல லாபம். நமக்குச் சித்திரை ராத்திரியில் வெளியே 28, ஏசி 25 என்றால் வித்தியாசமே 3 டிகிரி. முக்கால்வாசி பிடித்தாலும் 45 வாட் குளிர்ச்சி. ஏசி ஒரு வாட் கரண்டுக்கு மூன்று வாட்டுக்கு மேல் குளிர்ச்சி தரும், அதனால் கம்ப்ரசர் இழுக்கும் கரண்டாகப் பார்த்தால் 15 வாட்கூட வராது. மெஷினுக்குள் ஓடும் இரண்டு ஃபேனே அதைவிட அதிகம் தின்னும்.

வயல் ஈரத்தையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் ஈரத்தையும் மாற்றிவிடுவது இ.ஆர்.வி., எச்.ஆர்.வி. அல்ல. அதன் கோர், அதாவது போகிற காற்றும் வருகிற காற்றும் சூட்டை மாற்றிக்கொள்ளும் நடுப்பாகம், பெரும்பாலும் ஒரு மாதிரிக் காகிதம், சன்னமான மடிப்பு மடிப்பாக இருக்கும். கோவையில் ஒரு வீட்டில் ஏசி ஃபில்டரைக் கழுவுகிற நினைப்பில் வாட்டர் வாஷ் கன் வைத்து அதை அடித்துவிட்டார்கள். நான் போய்த் திறந்தபோது தண்ணீரில் போட்ட அப்பளமாகக் கிடந்தது. புதுக் கோர் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது.

அப்புறம், ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றிவிடுகிறது. வெளியே கார்பன் டை ஆக்சைடு 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) போல இருந்தால், சாத்திய அறையில் இரண்டு பேர் தூங்கி எழும்போது 2,000 தாண்டும். காலையில் தலை கனப்பதை ஏசி குளிர் என்று நினைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது புதுக்காற்று. சூட்டைத் திரும்பப் பிடிப்பது இங்கே கணக்குக்கே வராது.

நானாக இருந்தால் படுக்கையறைச் சுவரில் ஒரு 6 அங்குல பி.வி.சி. பைப்பை இப்போதே விட்டுக் கட்டிவிடுவேன். அதில் பைப்புக்குள்ளேயே பொருத்தும் சின்ன இன்லைன் ஃபேன், கொசுவலை, உள்ளே நுண்தூசி பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபில்டர். புகையின் நுண்தூசியை வலை நிறுத்தாது, ஃபில்டர்தான் நிறுத்தும். வாடை கொஞ்சம் வரத்தான் செய்யும். மிச்சப் பணத்தை மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைலுக்குப் போடுங்க. ராத்திரி உங்கள் ஏசி மல்லுக்கட்டுவது பகலெல்லாம் காங்கிரீட் வாங்கி வைத்த சூட்டோடுதான்.

வாய்க்கால்மேடு

நன்றிங்கண்ணா. மச்சானுக்கு உங்கள் கணக்கை அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. பைப்பை எந்தப் பக்கச் சுவரில் விடட்டுங்க? மேற்கே ஆலைக்கொட்டாய், வடக்கே சமையலறை, கிழக்கே செப்டிக் டேங்க்.

டக்ட் வேலை, பீளமேடு

தெற்கேதான் விடோணும். வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக விடச் சொல்லுங்க, இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் ஃபேனுக்கு வந்துவிடும். படுக்கையறைக் கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லி ஆசாரியிடமும் இப்போதே சொல்லிவிடுங்க. உள்ளே வந்த காற்று வெளியே போக வழி வேண்டுமல்லங்க.